பெண்தான் என்று நிரூபி! – சாந்தியின் பதக்கமும் கால்பந்து மைதானமும்

2006 டிசம்பர் 9. கத்தார் நாட்டின் தோஹா நகரம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலாவதாக வந்துவிட்டார். இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி. கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவும் நம்ம ஊர்ப் பெண் ஒருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறார்கள். வித்தியாசம் வெறும் 0.03 வினாடி! 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளியை வாங்கியவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த பெற்றோரின் மகள்.

அந்தப் பதக்கம் இரண்டு வாரம்கூட அவரிடம் தங்கவில்லை. 'பாலினச் சோதனையில் தோற்றுவிட்டார்' என்று செய்தி வந்தது. பதக்கம் பறிபோனது.

பெண்கள் கால்பந்தில் பாலினச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது உலகம் முழுக்க நடக்கும் விவாதம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைக் கால்பந்திலிருந்து ஆரம்பிக்க முடியாது. தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு 'பாலினச் சோதனை' என்ற சொல் தெரிய வந்ததே சாந்தி மூலமாகத்தான். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் மைதானத்துக்குள் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தது இந்தச் சோதனை?

பெண்கள் பந்தயத்தில் ஆண்கள் வேஷம் போட்டு வந்துவிடுவார்கள் என்ற பயம் ரொம்பப் பழசு. பனிப்போர் காலத்தில் அது பெரிதாக வளர்ந்தது. சோவியத் பக்க நாடுகள் பதக்கங்களை அள்ள ஆரம்பித்ததும், 'இவர்கள் உண்மையிலேயே பெண்கள்தானா?' என்ற கேள்வி எழுந்தது.

1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் குழுவுக்கு முன்னால் ஆடையில்லாமல் போய் நிற்க வேண்டும். பார்த்துவிட்டு 'சரி, போ' என்பார்கள். அதுதான் சோதனை! எதிர்ப்பு கிளம்பியதும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மானம் போகாது, அறிவியலும் ஆச்சு என்று நினைத்தார்கள்.

ஆனால் இயற்கை நமது இரண்டு கட்டங்களுக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. போலந்தின் ஈவா குளோபுகோவ்ஸ்கா 1964 ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத் தங்கம் வென்றவர். 1967இல் குரோமோசோம் சோதனையில் தோற்றார் என்று சொல்லி அவருடைய சாதனைகளை நீக்கினார்கள்.

அடுத்து ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ, தடை தாண்டும் ஓட்டக்காரி. 1983இல் சோதனையில் தேறி, 'பெண்' என்று சான்றிதழே வாங்கியவர். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அந்தச் சான்றிதழை எடுத்துப்போக மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள். எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருப்பதாக வந்தது. விஷயம் இதுதான்: ஒய் குரோமோசோம் இருந்தாலும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அவர் உடல் ஏற்றுக்கொள்வதே இல்லை. பிறந்ததும் வளர்ந்ததும் பெண்ணாகத்தான். அதனால் ஓட்டத்தில் ஒரு லாபமும் கிடையாது. 'காலில் அடி பட்டதாக நடித்துவிடு' என்று யோசனை சொன்னார்கள். பிறகு ஊர் திரும்பி மறுபடி ஓடியபோது கதை பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை போச்சு, நிச்சயம் செய்தவரும் விலகினார். அவர் போராடி 1988இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். அதற்குள் ஓட்டக்காரியின் நல்ல வயது கடந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற வீராங்கனை ஒருவர் உண்டு. குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட பிரிட்டன் இளவரசி ஆன்! அரண்மனைப் பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 பெண்களைச் சோதித்தார்கள். அதில் 8 பேருக்கு 'மாறுபட்ட' முடிவு வந்தது. மேல் விசாரணைக்குப் பிறகு எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். வேஷம் போட்டு வந்த ஆண் ஒருவரும் சிக்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பு எல்லாரையும் சோதிக்கும் முறையைக் கைவிட்டார்கள். ஆனால் 'சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்' என்ற கதவு மட்டும் திறந்தே இருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 2006இல் சாந்தியை உள்ளே இழுத்தார்கள்.

தோஹாவுக்குப் பிறகு

சாந்தியைச் சோதித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே அவருக்குப் புரியும்படி யாரும் விளக்கவில்லை. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் போன செய்தியை அவர் தெரிந்துகொண்டது ஊருக்கு வந்த பிறகு, தொலைக்காட்சியில். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ விவரம் அவருக்குத் தெரியும் முன்பே நாட்டுக்குத் தெரிந்துவிட்டது!

நான் படிப்பது பி.காம். எங்கள் சட்டப் பாடத்தில் 'இயற்கை நீதி' என்று ஒன்று வரும். ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. ஒரு கம்பெனி குமாஸ்தாவை வேலையை விட்டு எடுக்கக்கூட நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும். நாட்டுக்குப் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கு அதுகூட இல்லை.

அன்றைய முதல்வர் கருணாநிதி ஒரு நல்ல காரியம் செய்தார். பதக்கம் பறிபோன பிறகும் அறிவித்த 15 லட்ச ரூபாய்ப் பரிசை நிறுத்தவில்லை. ஆனால் பணத்தால் ஊர் வாயை மூட முடியுமா? அவமானம் தாங்காமல் 2007இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பிறகு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு வேலை செய்கிறார் என்று செய்தி வந்தபோதுதான் நாட்டுக்கு மறுபடி அவர் ஞாபகம் வந்தது. அப்புறம் பயிற்சியாளர் படிப்பு, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அரசுப் பயிற்சியாளர் வேலை. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

இதே நாட்டில் இன்னொரு பெண்ணுக்கு வேறு முடிவு கிடைத்தது. ஒடிசாவின் டூட்டி சந்த். அவரும் ஏழை நெசவாளர் வீட்டுப் பெண். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்பு, இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் இந்த முறை பக்கத்தில் நிற்க ஆட்கள் இருந்தார்கள். சாந்திக்கு நடந்ததை நாடு பார்த்திருந்தது. வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஹார்மோனால் எவ்வளவு லாபம் கிடைக்கிறது என்பதைத் தடகளச் சங்கம் நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டூட்டி 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். அந்த இரண்டையும் யாரும் பறிக்கவில்லை.

இரண்டு பேருமே வறுமையிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்காக வாதாட வக்கீல் இருந்தார், இன்னொருவருக்கு இல்லை.

இப்போது கால்பந்துக்கு வருவோம்

கால்பந்திலும் இந்தக் கதை இந்தியாவுக்குப் புதிதல்ல. மேற்கு வங்கத்தின் போனி பால் 1998 பாங்காக் ஆசியப் போட்டிக்கான இந்தியப் பெண்கள் அணிக்குத் தேர்வானவர். மருத்துவச் சோதனைக்குப் பிறகு விலக்கப்பட்டார். இன்று அவர் ஆணாக வாழ்ந்து, இடைப்பால் மக்களின் உரிமைக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஃபிஃபா 2011இல் பாலினச் சரிபார்ப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வரி முக்கியம். வீராங்கனைகளின் உடல் தோற்றத்தில் ஏதாவது 'விலகல்' தெரிந்தால் அதை விசாரித்துப் பாலினத்தை உறுதிசெய்வது அந்தந்த நாட்டுச் சங்கத்தின் பொறுப்பு என்கிறது அது. அதாவது சந்தேகமே பார்வையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தோள் அகலமா, முடி குட்டையா, குரல் கனமா... இதெல்லாம் சாட்சி!

அந்த விதி வந்த சமயத்தில் ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி அணி மீது புகார் மேல் புகார். அந்த அணியின் நட்சத்திரம் கெனோவேவா அனோன்மா. 2008இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பிறகு, அதிகாரிகள் முன்னால் ஆடையைக் களையச் சொன்னதாக அவர் பின்னாளில் சொன்னார். 2012இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது வாங்கியவரும் அவர்தான்.

இது ஆப்பிரிக்கப் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2011 உலகக் கோப்பையின் போது ஸ்வீடன் அணியினரும் பிறப்புறுப்பைக் காட்டி 'பெண்' என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது என்று நில்லா ஃபிஷர் 2023இல் தன் புத்தகத்தில் எழுதினார். 1966 புடாபெஸ்டிலிருந்து 45 வருஷம் கழித்து அதே இடத்துக்குத்தான் வந்து நின்றிருக்கிறோம்.

தென்கொரியாவின் பார்க் உன்சுன் கதை இன்னும் மோசம். 2013இல் உள்ளூர் லீக்கில் எதிரணிகளின் பயிற்சியாளர்கள் சேர்ந்து, 'இவரைச் சோதிக்காவிட்டால் நாங்கள் ஆட மாட்டோம்' என்றார்கள். அந்த சீசனில் கோல் அடித்துக் குவித்தவர் அவர்! அடுத்த வருஷம் அந்நாட்டு மனித உரிமை ஆணையம், இது பாலியல் துன்புறுத்தல் என்றே சொன்னது. பார்க் 2015 உலகக் கோப்பையிலும் 2023 உலகக் கோப்பையிலும் தன் நாட்டுக்காக ஆடினார்.

ஜாம்பியாவின் பார்பரா பண்டா டோக்கியோ ஒலிம்பிக்கில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஹாட்ரிக் அடித்தவர். 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் தகுதி விதிகளால் ஆட முடியவில்லை. அடுத்த வருஷமே உலகக் கோப்பையில் ஆடினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஒரே உடல், ஒரே ஆட்டம். ஒரு போட்டியில் தகுதி இல்லை, இன்னொன்றில் தகுதி உண்டு. இது அறிவியல் என்றால் கண்டம் மாறும்போது அது எப்படி மாறும்?

மறுபக்க வாதம்

சோதனை வேண்டும் என்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையில்லை. அவர்கள் வாதத்திலும் சத்து இருக்கிறது. ஓட்டப்பந்தயங்களில் உச்ச நிலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பத்து சதவீத அளவுக்கு வித்தியாசம் உண்டு. பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்ததே அதனால்தான். அந்தப் பிரிவுக்கு ஒரு எல்லை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிரிவே இல்லை. யலோவ்ட்சேவாவும் ஒரு பெண்தான், 0.03 வினாடியில் தோற்றவரின் வருத்தமும் வருத்தம்தான். 2019இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா வழக்கில் நடுவர் நீதிமன்றம், விதி பாரபட்சமானதுதான், ஆனாலும் தேவையானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

2025 செப்டம்பரில் உலகத் தடகளச் சங்கம் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணுச் சோதனையைப் பெண்கள் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். எல்லாருக்கும் ஒரே சோதனை என்பதால் தோற்றத்தை வைத்துச் சந்தேகப்படும் கொடுமை இல்லை என்பது அவர்கள் பதில். ஆனால் 1990இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, இதைக் கொண்டு பாலினத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று எழுதினார். மரபணு இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும், அது உடலில் வேலை செய்ததா என்று சொல்லாது. பட்டினோவின் கதையும் அதுதானே?

கால்பந்தில் இன்னொரு சிக்கல். 800 மீட்டரில் கடிகாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கால்பந்தில் பதினோரு பேர், 90 நிமிடம், பந்து கொடுப்பது, இடம் பார்ப்பது, காத்திருப்பது. ஒரு ஹார்மோன் எத்தனை கோல் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

பட்டு இழை

எங்கள் கலசப்பாக்கம் பக்கம் ஆரணிப் பட்டைத் தெரியாதவர்கள் இல்லை. அசல் பட்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவித் தீயில் காட்டுவார்கள். முடி பொசுங்கும் வாசனை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் போல உருகினால் செயற்கை. தீயில் போவது ஒரு இழை, புடவை பத்திரமாக இருக்கும். சாந்தி விஷயத்தில் புடவையையே தீயில் போட்டார்கள். அது பட்டா இல்லையா என்பதை அதற்குப் பிறகு யார் கேட்டு என்ன?

தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. 2018இலும் 2023இலும் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தை வென்றது தமிழ்நாடு. மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து இந்துமதி போன்றவர்கள் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்து, கால் சதை முறுக்கேறி ஆடும் பெண்கள் இவர்கள். நாளைக்கு ஒரு எதிரணிக்காரர் 'இவளைச் சோதிக்க வேண்டும்' என்றால் நாம் என்ன செய்வோம்?

என் முடிவு இதுதான். எல்லை வேண்டும் என்று விளையாட்டுச் சங்கங்கள் நினைத்தால் அதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். ஜெயித்த பிறகு சோதிக்கக் கூடாது. புகார் கொடுப்பவர் எதிரணியாக இருந்தால் அதை ஏற்கக் கூடாது. சோதனைக்கு முன் அந்தப் பெண்ணின் தாய்மொழியில் விளக்க வேண்டும், முடிவு முதலில் அவர் கைக்கு வர வேண்டும், மேல்முறையீட்டுச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். நல்ல நம்பிக்கையோடு ஆடி வென்ற பதக்கத்தைப் பறிக்கக் கூடாது. அடுத்த போட்டிக்கு வேண்டுமானால் விதி பேசட்டும்.

இவ்வளவும் 2006இல் இருந்திருந்தால் சாந்தி அதற்குப் பிறகு ஓடாமல்கூடப் போயிருக்கலாம். ஆனால் வெள்ளிப் பதக்கம் கத்தக்குறிச்சி வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். செங்கல் சுமக்கத் திரும்பிப் போயிருக்க வேண்டியதில்லை.