முதலீடு வரும் ஊரில் நிலமற்றவர்களின் பங்கு: வத்தலக்குண்டு வட்டாரத்துக்கு ஒரு சட்டக் கையேடு

வத்தலக்குண்டு பேரூராட்சி அடங்கியுள்ள நிலக்கோட்டை வட்டத்தில் சிப்காட் தொழில் வளாகம் இயங்கி வருகிறது. உயர்தொழில்நுட்ப உற்பத்தியை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதே அரசின் இன்றைய கொள்கை. இதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பூந்தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் கூலிக்கு உழைக்கும் தலித் குடும்பங்களுக்கு இதில் என்ன பங்கு என்பதைக் கேட்டாக வேண்டும்.

நிலம்

மாநில அரசு தொழிலுக்கான நிலத்தைத் தனது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கிறது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு இதில் இல்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அம்மீட்பை ஏற்றது.

இழப்பீடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டத்தின் அட்டவணைகளின்படியே வழங்கப்பட வேண்டும். நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளும் குத்தகையாளர்களும் அச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட குடும்பங்களே. ஆனால் அவர்களைக் கணக்கெடுக்கும் மதிப்பீடு இல்லாததால், பட்டாதாரர் மட்டுமே கோப்பில் இடம்பெறும் ஆபத்து உள்ளது. எனவே அறிவிக்கை வருமுன்பே அக்குடும்பங்களின் பட்டியலைச் சான்றுகளுடன் ஆயத்தம் செய்ய வேண்டும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏதும் உள்ளதா என்பதை 'அ' பதிவேட்டிலும் பழைய ஒப்படை ஆவணங்களிலும் சரிபார்க்க வேண்டும்.

வேலை

அரசியலமைப்பின் 16(4)ஆம் உறுப்பு அரசுப் பணிக்கே பொருந்தும். தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு இல்லை. எனினும் மானியமும் வரிச்சலுகையும் பொதுப்பணம். அதனைப் பெறும் நிறுவனம் உள்ளூர்ப் பட்டியல் சாதி இளைஞர்களுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் அளிக்க வேண்டுமென அரசு நிபந்தனை விதிக்கலாம். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கப்பட்டு, ரோபோ இயக்கமும் கணினிவழி எந்திர வேலையும் கற்பிக்கப்படுகின்றன. அப்பயிற்சி இல்லாதவருக்கு ஆலையில் துப்புரவும் சுமைதூக்கலுமே மிஞ்சும்.

தொழில்முனைவு

2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியம் தருகிறது, உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தமது கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும்.

உள்ளாட்சி

நிலத்தையும் சலுகையையும் சென்னை தீர்மானித்தாலும், குடிநீர், சாலை, கழிவு, கட்டட அனுமதி ஆகியவற்றில் உள்ளாட்சிக்குப் பொறுப்புண்டு. ஒதுக்கீட்டில் வென்ற தலித் உறுப்பினர்கள் மேற்கண்ட கோரிக்கைகளை மன்றத் தீர்மானமாகவும், ஊராட்சிகளில் கிராம சபைத் தீர்மானமாகவும் பதிவு செய்யலாம். 2018ஆம் ஆண்டின் தொழில் எளிதாக்கல் சட்டம் அனுமதிகளுக்குக் காலக்கெடு விதிக்கிறது. விண்ணப்பம் வந்தபின் பேச அவகாசம் குறைவு. ஆகவே தீர்மானம் முன்னரே இருக்க வேண்டும். அதன் நகல் மாவட்ட ஆட்சியரிடமும் சிப்காட்டிடமும் சேர்ந்திருக்க வேண்டும்.