பூக்காரர் உலா

தில்லியில் வாழும் தமிழன்பர்களுள் குதுப் மினாரைக் காணாதவர் அரியர். ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது நம் கடமைகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. கோபுரத்தை அண்ணாந்து நோக்கி, இரும்புத் தூணின் அருகே சிறிது நேரம் நின்று, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து காலாற நடந்து செல்லும் தொலைவில் மெஹ்ரௌலி என்னும் பழைய ஊர் இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்த பின்னர் அவ்வூரின் குறுகிய தெருக்களில், பூவால் வேய்ந்த பெரிய விசிறிகள் மேளமும் ஷெனாயும் முழங்கச் செல்லும் விழா ஒன்று உண்டு. ‘பூல்வாலோன் கீ சைர்’ என்பது அதன் பெயர். ‘பூக்காரர் உலா’ என்று தமிழில் சொன்னால் பொருள் ஏறக்குறைய நேராகிவிடும்.

ஏறக்குறைய என்றதற்குக் காரணம் உண்டு. நம் உலா நூல்களில் வீதியிலே வருபவன் இறைவன் அல்லது அரசன். மாடத்திலும் வாயிலிலும் நின்று காண்பவர் ஊர் மகளிர். மெஹ்ரௌலியில் இம்முறை தலைகீழாயிற்று. வீதியில் வந்தவர் பூ விற்கும் எளியோர். மாடத்தில் அமர்ந்து கண்டவர் பாதுஷா. காண்பவர் யார், காணப்படுபவர் யார் என்னும் இக்கேள்வி இவ்விழாவின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

விழா பிறந்தது ஒரு தாயின் நேர்த்திக்கடனில். 1806-இல் பட்டமேறிய இரண்டாம் அக்பர் ஷா பெயரளவில் மட்டுமே பாதுஷா. செங்கோட்டைச் சுவர்களுக்கு வெளியே அதிகாரம் அனைத்தும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. மூத்த மகன் அபூ ஜாபர். ஆயினும், மும்தாஜ் மகல் பேகம் பெற்ற மிர்சா ஜஹாங்கீரையே தம் வாரிசாக்கப் பாதுஷா விரும்பினார். கம்பெனி இசையவில்லை. இளவரசருக்கோ முன்கோபம் மிகுதி. கம்பெனியின் பிரதிநிதியாகிய ரெசிடெண்டு ஆர்ச்சிபால்ட் சீட்டனை இகழ்ந்து பேசியதோடு நில்லாமல் அவரை நோக்கித் துப்பாக்கியாலும் சுட்டுவிட்டார். குண்டு தவறியது, இளவரசர் அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டார்.

மகன் மீண்டு வந்தால், மெஹ்ரௌலியில் அடங்கியிருக்கும் குதுபுத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்கு மலர்ப் போர்வை சாத்துவதாகப் பேகம் நேர்ந்துகொண்டார். காக்கி, அஜ்மீர் க்வாஜா முயினுத்தீன் சிஷ்தியின் சீடர், 1235-இல் மறைந்தவர். நாகூர் ஆண்டகையின் கந்தூரிக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு செல்வதை அறிந்த நமக்கு இவ்வேண்டுதலின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. இளவரசர் திரும்பினார். 1812-ஆம் ஆண்டை ஒட்டி இது நிகழ்ந்ததாகப் பொதுவாகக் கூறுவர். அரச குடும்பம் மெஹ்ரௌலிக்குப் புறப்பட்டது. நகரமும் உடன் புறப்பட்டது. போர்வைக்குப் பூத் தொடுத்த பூக்காரர்கள், எவரும் கேளாமலே, தம் மகிழ்ச்சிக்கு அறிகுறியாகப் பூ விசிறி ஒன்றையும் செய்து கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நம் கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது ஏந்திச் செல்லும் ஆலவட்டத்தை நினைத்துக்கொண்டால் அவ்விசிறியின் வடிவம் ஒருவாறு விளங்கும். மூங்கில் சட்டத்தின் மீது பூவும் ஜிகினாவும் வைத்துக் கட்டி, உயரக் கழியில் ஏந்துவர். அவ்வூரிலேயே கண்ணபிரானின் தங்கையாகப் போற்றப்பெறும் யோகமாயா தேவியின் கோயிலும் இருக்கிறது. தர்காவுக்குப் பூ சென்றது போலவே தேவிக்கும் பூ சென்றது. ஒரு நாள் கோயிலுக்கு, மற்றொரு நாள் தர்காவுக்கு என வழக்கம் நிலைபெற்றது. இரு சமயத்தாரும் இரண்டிடத்துக்கும் உடன் நடந்தனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இவ்விழாவை ஆக்கியவர்கள் மெஹ்ரௌலிக்காரர்கள் மட்டும் அல்லர். செங்கோட்டையைச் சூழ்ந்த ஷாஜஹானாபாத் நகரிலிருந்து சுமார் 11 மைல் கடந்து வந்தவர்களே பெரும்பாலோர். ‘சைர்’ என்னும் சொல்லுக்கே மனமகிழ்ச்சிக்காக உலாவி வருதல் என்பது பொருள். இக்காலத்தார் சுற்றுலாப் பயணி என்கிறார்களே, அவ்வகையினர்தாம் அன்று வந்தவர்கள்! ஆனால் வந்தவர் எவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துச் செல்லவில்லை. ஆடி ஓடிய மழையில் நனைந்தார்கள். மாந்தோப்புகளில் ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். தோப்பிலேயே அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டியில் பலகாரம் பொரித்தார்கள். விசிறிக்குப் பின்னே நடந்தார்கள். உள்ளூரார் அவர்களுக்கு இடம் கொடுத்தனர், பொருள் விற்றனர், தாமும் கூடிக்கொண்டனர். விருந்தினர், வீட்டார் என்னும் வேறுபாடு இருந்தது; செய்பவர், பார்ப்பவர் என்னும் வேறுபாடுதான் இல்லை.

1837-இல் பட்டமேறியவர், தந்தையால் ஒதுக்கப்பட்ட அந்த அபூ ஜாபரே. பகதூர் ஷா ஜாபர் என்று நாம் அறியும் கவிஞர் அவர்தாம். தம் இடத்தைப் பறிக்கவிருந்த தம்பியின் வருகைக்காகத் தொடங்கிய விழாவை அவரைப் போல நேசித்தவர் வேறொருவர் இல்லை என்பது வியப்பு. மழைக்காலந்தோறும் மெஹ்ரௌலிக்குக் குடிபெயர்ந்துவிடுவார். தந்தை கட்டிய மாளிகைக்கு 1847-48-ஆம் ஆண்டில் உயர்ந்த வாயில் ஒன்றை எழுப்பினார். அதன் மாடத்திலிருந்தே விசிறிகள் வருவதைக் காண்பார். அம்மாளிகை இன்று ஜாபர் மஹல் என வழங்குகிறது. ஓராண்டு யோகமாயா கோயிலுக்கு விசிறியுடன் செல்ல இயலாமற் போகவே, கோயிலுக்குப் போகாத நான் தர்காவுக்கு மட்டும் எப்படிப் போவேன் என்று கருதி அங்கும் செல்லாது நின்றுவிட்டார் என்றொரு செய்தியும் உண்டு.

1857-க்குப் பின் பாதுஷா இல்லை. இரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்ட ஜாபர் 1862 நவம்பர் 7-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். ஆயினும் உலா நிற்கவில்லை. இதனால் அதன் உரிமையாளர் யார் என்பது ஒருவாறு தெளிவாயிற்று என்பது என் கருத்து. மாடம் வெறுமையாயிற்று, வீதி வெறுமையாகவில்லை. 1883-இல் தில்லியில் பிறந்து, ஐதராபாத் நிஜாம் அரசில் பணியாற்றிய மிர்சா பர்ஹத்துல்லா பேக், ஜாபர் காலத்துப் பூக்காரர் உலாவை உருது மொழியில் எழுதிவைத்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அக்காலம் முடிந்துவிட்டது. எழுதும்போது வாழ்ந்ததோ வேற்றூரில். பிறந்த ஊரின் விழாவைத் தொலைவிலிருந்து நினைத்துப் பார்ப்பவனுக்கு அதன் சிறு செய்தியும் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை வெளிமாநிலத்தில் பொங்கல் வைக்கும் நம்மிடம் சொல்ல வேண்டுமோ?

உலாவை நிறுத்தியது ஆங்கில ஆட்சி. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் மூண்ட ஆண்டில் அனுமதி மறுக்கப்பட்டது. அதன்பின் நேர்ந்தது அதனினும் கொடியது. 1947-இல் தில்லியில் எழுந்த கலவரத்தில் மெஹ்ரௌலி முஸ்லிம்கள் பலர் ஊரைவிட்டு நீங்கினர், தர்காவும் சேதமுற்றது. 1948 ஜனவரி 13-ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். அதனை 18-ஆம் நாள் அவர் முடித்துக்கொள்வதற்காகத் தில்லித் தலைவர்கள் கொடுத்த உறுதிமொழிகளுள் ஒன்று, காக்கியின் நினைவு நாளாகிய உருஸ் அவ்வாண்டும் வழக்கம்போல் நடைபெறும் என்பது. உருஸ் வேறு, பூக்காரர் உலா வேறு. ஆனால் தர்கா ஒன்றே, தெருவும் ஒன்றே. 27-ஆம் நாள் காந்தியடிகள் மெஹ்ரௌலிக்கு வந்து உருஸில் கலந்துகொண்டார். அதன் பின்னர் அவர் உயிரோடிருந்தது மூன்று நாட்களே.

போனவர்களின் இடத்தில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடிழந்து வந்தவர்கள் குடியேறினர். 1960-களின் தொடக்கத்தில், பிரதமர் நேருவின் விருப்பத்தால் உலா மீண்டும் தொடங்கியபோது, அதனைக் கண்ணால் கண்டிராத மக்களும் அவ்வூர்க்காரர்களாகவே ஆகியிருந்தனர். ‘உள்ளூரார்’ என்னும் சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மெஹ்ரௌலியில் அச்சொல்லுக்குள் பழங்குடியினரும் அடங்குவர், அகதியாய் வந்தவர்களும் அடங்குவர். பின்னவர்கள் ஊரோடு விழாவையும் கற்றுக்கொண்டார்கள்.

‘அஞ்சுமன் சைர்-ஏ-குல் ஃபரோஷான்’ என்னும் சங்கம் விழாவை நடத்தும் பொறுப்பை ஏற்றது. புதிய வழக்கங்களும் சேர்ந்தன. பல மாநிலங்கள் தத்தம் பெயரால் விசிறி அனுப்பலாயின. பட்டம் விடுதலும் மற்போரும் இடம்பெற்றன. இறுதி இரவில், சுல்தான் இல்துத்மிஷ் 1230-இல் வெட்டிய ஷம்சி ஏரியின் கரையிலுள்ள ஜஹாஸ் மஹல் என்னும் பழைய மாளிகையின் முன் ஆடலும் கவ்வாலிப் பாட்டும் அமைந்தன. பெரிய பதவியில் உள்ளோர் முன்வரிசையில் வீற்றிருப்பர். விருந்தினர்க்கு நாற்காலி உண்டு, அழைப்பிதழ் உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு.

நானும் முதன்முறை அவ்வழைப்பிதழோடு சென்றவன்தான். விளக்கொளியில் மாளிகையைக் கண்டேன். கதக்கு நடனம் கண்டேன். மாநில விசிறிகளை வரிசையாகக் கண்டேன். எது அழகியது என்று அண்டையில் இருந்தவரோடு வாதிட்டேன். நள்ளிரவில் வீடு திரும்பியபோது விழாவை முழுவதும் பார்த்துவிட்டதாகவே எண்ணினேன். கோயிலையும் தர்காவையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

அடுத்த முறை அழைப்பிதழ் இல்லாமல், பகலிலேயே சென்று தெருவில் நின்றேன். அங்கே விழா வேறுவிதமாக இருந்தது. ஏரிக்கரையில் அமர்ந்தவருக்கு விசிறி என்பது ஒரு காட்சிப்பொருள். ஏந்தி வருபவருக்கு அது பாரம். தாழத் தொங்கும் மின்கம்பிகளில் படாமல், திருப்பங்களில் சாய்த்து, கூட்டத்தில் இடிபடாமல் அதனைக் கொண்டுசெல்ல வேண்டும். பூவைக் கட்டியவர்களுக்கோ அது காலத்தோடு நடத்தும் போராட்டம். முன்னதாகக் கட்டினால் வாடும், தாமதித்தால் முடியாது. கடைக்காரருக்கு வணிகம் பெருகும் நாள், வண்டி ஓட்டுபவருக்கு வழி அடைபடும் நாள், முணுமுணுப்பும் உண்டு. வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து குனிந்து, விசிறி தம் வாசலைக் கடக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தனர். மேடையில் நடந்த எதையும் பற்றி அத்தெருவில் எவரும் பேசக் கேட்டிலேன். பூ எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதே பேச்சு.

வெளியிலிருந்து வருபவரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அரசின் ஆதரவும், மேடையும், விருந்தினரும் இல்லாதிருந்தால், இருபது ஆண்டுகள் அறுந்து கிடந்த வழக்கம் மீண்டும் முளைத்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் ஓர் இழப்பையும் மறைக்கலாகாது. மழையின் விழாவாக இருந்தது மழை ஓய்ந்தபின் நடக்கும் விழாவாயிற்று. பந்தலுக்கும் மின்விளக்குக்கும் அது நல்லதுதான். எனினும், மழையில் நனைவதற்கென்றே ஒரு நகரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதே, அந்த மகிழ்ச்சியை நாற்காலியில் அமர்ந்து பெற இயலாது. மாந்தோப்புகள் இருந்த இடங்களில் பெரும்பாலும் வீடுகள் எழுந்துவிட்டன. ஊஞ்சல் கட்ட மரமில்லை.

தில்லியிலுள்ள தமிழர் இவ்விழாவுக்குச் செல்வதாயின், ஏரிக்கரை நிகழ்ச்சிக்கு முன்னதாகவே போய், ஜாபர் மஹலின் வாயிலருகே நிற்பது நலம். கையில் ஒரு முழம் பூ இருந்தால் இன்னும் நலம். இரண்டிடத்திலும் அதனை ஏற்பார்கள். அந்த வாயிலின் மாடம் இன்று சிதைந்து கிடக்கிறது. உள்ளே, தர்காவை ஒட்டிய சிறு அடைப்பில், முதலாம் பகதூர் ஷா, ஷா ஆலம், அக்பர் ஷா ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. அவற்றின் நடுவே ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. ஜாபர் தமக்கென்று குறித்து வைத்த இடம் அது. மகன் ஊர் திரும்பியதற்காகத் தொடங்கிய உலா, ஊர் திரும்பாத பாதுஷாவின் வாயிலைக் கடந்து செல்கிறது.