கரிசல் நிலத்து ஷெரிஃப்: ஜான் ஹியூலெட்டும் லவுண்ட்ஸ் கவுண்டியும்

1970 நவம்பர் தேர்தலில் அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுண்டி, ஜான் ஹியூலெட் என்ற கறுப்பினத்தவரைத் தன் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கவுண்டியின் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. மக்கள்தொகையிலோ ஐந்தில் நான்கு பங்கு அவர்கள்தான். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது, அது எதுவரை சென்றது என்பதை ஹியூலெட்டின் பொதுவாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்குச்சீட்டு ஷெரிஃப் பதவியைக் கைமாற்றியது. நிலத்தைக் கைமாற்றவில்லை என்பதே இதன் வாதம்.

பதவியின் பலம்

நம் ஊரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை அரசு நியமிக்கிறது, அரசே மாற்றுகிறது. அலபாமாவில் ஷெரிஃபை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கைது செய்வது, கவுண்டி சிறையை நடத்துவது, நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவது, துணை ஷெரிஃப்களை அமர்த்துவது எல்லாம் அவர் பொறுப்பு. வாக்காளர் பட்டியலில் இல்லாதவருக்கு இவரிடம் கேள்வி கேட்கும் வழி கிடையாது.

அதன் விளைவைப் பக்கத்துக் கவுண்டியான டல்லஸில் காணலாம். 1955இல் ஆளுநர் ஜிம் ஃபோல்சமால் ஷெரிஃபாக அமர்த்தப்பட்ட ஜிம் கிளார்க், வெள்ளையர்களைத் திரட்டித் தனக்கென ஒரு தொண்டர் படை வைத்திருந்தார். 1965 பிப்ரவரியில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகளை, மாடு விரட்டும் மின்கோலைக் காட்டி இந்தப் படை ஊருக்கு வெளியே ஓடவைத்தது. மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் ஊர்வலத்தினரை அடித்து விரட்டியதில் மாநிலக் காவலர்களோடு கிளார்க்கின் ஆட்களும் இருந்தார்கள்.

லவுண்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம். 1965 ஆகஸ்ட் 20 அன்று ஹெய்ன்வில் ஊரில், சிறையிலிருந்து அப்போதுதான் விடுவிக்கப்பட்ட இறையியல் மாணவர் ஜொனாதன் டேனியல்ஸை, டாம் கோல்மன் என்ற சிறப்புத் துணை ஷெரிஃப் சுட்டுக் கொன்றார். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

பட்டியலில் ஒரு பெயர்

ஹியூலெட் 1927இல் இதே கவுண்டியில் பிறந்தவர். இளவயதில் பர்மிங்ஹாமுக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொழிற்சங்க வேலையும் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் நடத்திய உரிமை இயக்கமும் அவருக்கு அமைப்பு கட்டும் பழக்கத்தைக் கொடுத்தன. பிறகு ஊர் திரும்பினார்.

1965 மார்ச் தொடக்கத்தில் அவரும் மற்றவர்களும் வாக்காளர்களாகப் பதியச் சென்றபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே மாதம் ஹெய்ன்வில்லின் பழைய சிறைக் கட்டடத்தில் மறுபடி பதிவு நடந்தது. ஹியூலெட்டும், பார்வையற்ற போதகரான ஜான் லாசனும் மட்டும் தேறினார்கள். பின்னாளில் கவுண்டியின் சிறையை நிர்வகிக்கப் போகிறவர், வாக்குரிமை கேட்டு ஒரு சிறைக் கட்டடத்தில்தான் போய் நின்றார். அந்த மாதமே லவுண்ட்ஸ் மக்கள் ஓர் உரிமை இயக்கத்தைத் தொடங்கி அவரைத் தலைவராக்கினார்கள்.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மத்திய அரசின் பதிவாளர்கள் முதலில் இறங்கிய கவுண்டிகளில் லவுண்ட்ஸும் ஒன்று. பதிவுக்குத் தடையாக இருந்த எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது, பட்டியல் நீண்டது. பதிலடியும் உடனே வந்தது: பெயர் பதிந்த வாரச் சாகுபடிக் குடும்பங்களை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். அவர்களில் சிலர் அந்த டிசம்பரில் 80ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டுக் குடியேறினார்கள்.

பட்டியலிலிருந்து கட்சிக்கு

பெயர் பதிந்தாலும் யாருக்கு வாக்களிப்பது? மாநில ஜனநாயகக் கட்சி அப்போதுதான், 1966இல், தன் வெள்ளைச் சேவல் சின்னத்திலிருந்து வெள்ளையர் மேலாதிக்க முழக்கத்தை நீக்கியிருந்தது. கவுண்டி அளவில் தனிக்கட்சி தொடங்க அலபாமா சட்டத்தில் இடமிருப்பதை, உரிமை இயக்க அமைப்பான வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஹியூலெட் தலைமையில், அந்தக் குழுவின் ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலியோர் துணையோடு லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு பிறந்தது. அதன் சின்னம் கருஞ்சிறுத்தை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் தோன்றிய இயக்கம் தன் பெயரையும் சின்னத்தையும் இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

அமைப்பு செய்த அரசியல் கல்வி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஷெரிஃபின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார் என்பதைப் படக்கதைச் சிறுநூல்களாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். ஷெரிஃபைக் கண்டு அஞ்ச மட்டுமே பழகியவர்களுக்கு, அது நாமும் வகிக்கக்கூடிய பதவி என்ற எண்ணமே புதிது. 1966 மே 3 அன்று ஹெய்ன்வில்லின் தேவாலயம் ஒன்றில் சுமார் 900 பேர் கூடி வேட்பாளர்களைத் தேர்ந்தார்கள். நவம்பரில் அனைவரும் தோற்றார்கள். எனினும் கட்சியாக ஏற்கப்படத் தேவையான 20 விழுக்காட்டை அமைப்பு எளிதாகத் தாண்டியது.

அதே ஆண்டு மேக்கன் கவுண்டியில், கொரியப் போரில் பங்கேற்ற லூசியஸ் ஆமர்சன் ஷெரிஃபாக வென்றார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்துக்குப் பின் தென்மாநிலங்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மேக்கனில் டஸ்கீகி கல்விநிறுவனமும், படித்த நடுத்தர வர்க்கமும், கால் நூற்றாண்டாக வாக்குரிமைக்குப் போராடிய சங்கமும் இருந்தன. டல்லஸிலும் புதிய வாக்காளர்கள் கிளார்க்கை வீழ்த்தினார்கள்; ஆனால் அங்கே அவருக்குப் பதில் வந்தவர் வில்சன் பேக்கர் என்ற மிதவாத வெள்ளையர். லவுண்ட்ஸிலோ பெரும்பாலோர் பிறர் நிலத்தை நம்பி வாழ்ந்த உழவர்கள். மேக்கனைவிட நான்கு ஆண்டுகள் கூடுதலாக ஆனதற்கு இந்தப் பொருளியல் பிடிதான் முதன்மைக் காரணம் என்று கருதலாம்.

ஷெரிஃப் நட்சத்திரத்தின் எல்லை

1970இல் ஹியூலெட் வென்றபோது கிரீன் கவுண்டியில் தாமஸ் கில்மோரும் வென்றார். துப்பாக்கி ஏந்தாத ஷெரிஃப் என்று பெயரெடுத்தவர் இவர். ஹியூலெட் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஷெரிஃபாக இருந்து, 1990களில் உயில், சொத்து வழக்குகளைக் கவனிக்கும் புரொபேட் நீதிபதியானார். 2006இல் மறைந்தார்.

அவர் காலத்தில் ஷெரிஃபின் வண்டி வாசலில் நிற்பது ஆபத்தின் அறிகுறியாக இருந்த நிலை மாறியது. ஆனால் பதவியைக் காக்க வெள்ளைப் பெரும்புள்ளிகளோடு அவர் சமரசம் செய்துகொண்டார் என்றும், தொடக்ககால இயக்கத்தின் கூட்டு முடிவெடுக்கும் முறை கைவிடப்பட்டது என்றும் ஆய்வாளர்கள் குறை கூறுகிறார்கள். குறையில் உண்மை உண்டு. ஆனாலும் ஷெரிஃபால் நிலத்தைப் பங்கிட முடியாது, வரி விதிக்க முடியாது. நீண்ட பதவிக்காலத்துக்கு அவர் கொடுத்த விலையை இந்த வரம்போடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

இன்றைய லவுண்ட்ஸ் அந்த வரம்பை விளக்குகிறது. நீரை உறிஞ்சாத கரிசல் களிமண்ணில் வழக்கமான கழிவுநீர்த் தொட்டி வேலை செய்வதில்லை. மாற்று ஏற்பாட்டுக்கு ஏழைகளிடம் பணம் இல்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுத் தொற்றின் தடயங்களைக் கண்டது. அரை நூற்றாண்டாகக் கறுப்பினத்தவர் ஷெரிஃப் நாற்காலியில் அமர்ந்த கவுண்டியின் நிலைமை இது. வாக்குரிமை அவர்களை அடிக்கும் கையைத் தடுத்தது. வறுமையைத் தீர்க்கும் அதிகாரம் ஷெரிஃப் அலுவலகத்தில் என்றுமே இருந்ததில்லை. மாநிலத் தலைநகரிலும் வாஷிங்டனிலும் இருந்தது.