பல்லுப் போன வாத்தியாரும் ஒரு முயலின் காலும்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் ஆதனக்கோட்டையில் இறங்கி, சுடச்சுட வறுத்த முந்திரிப்பருப்பு அரைக் கிலோ வாங்கி வந்திருந்தான். "சார், உங்களுக்குப் பிடிக்குமே" என்றான். பிடிக்கும்தான். பல்தான் இல்லை. கீழ்வரிசையில் எனக்கு மிச்சம் மூன்று. அதிலும் ஒன்று ஆடுகிறது. அவன் போன பிறகு துணைவியார் அதை மிக்ஸியில் போட்டுப் பொடித்துக் கொடுத்தார். ஸ்பூனால் அள்ளித் தின்றேன். முந்திரியைப் பொடியாகத் தின்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது கந்தர்வக்கோட்டைக்காரனுக்குத்தான் தெரியும்!

தின்பது கூடப் போகட்டும். முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நின்று பேசிப் பிழைத்தவன் நான். த, ந பிறக்க நாக்கு மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும் என்று தொல்காப்பியர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் அண்பல். எனக்கு மேல் முன்வரிசையிலும் இரண்டு போய்விட்டதால் 'நந்திவர்மன்' என்று சொன்னால் பாதி காற்றாகப் போகிறது. போனில் பேத்தி, "தாத்தா, நீங்க சொல்றது புரியல, அப்பத்தாகிட்ட குடுங்க" என்கிறாள். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்றுதான் பல் டாக்டரிடம் போனேன்.

அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கீழ்த்தாடையில் நாலு இம்ப்ளான்ட், அதன் மேல் பன்னிரண்டு பல். கழற்றி மாட்டும் செட்டு இல்லை, நிலையாகவே இருக்கும்" என்றார். 2,80,000 ரூபாய். என் பென்ஷனில் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டபடியே வீட்டுக்கு வந்தேன். வரலாற்று வாத்தியாருக்கு ஒரு பொருளின் வரலாறு தெரியாமல் அதற்குக் காசு கொடுக்க மனம் வராது. இரண்டு வாரம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்தருள்க.

செயற்கைப் பல்லின் வரலாறு கொஞ்சம் கோரமானது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவருக்கு மரப்பல் இருந்தது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. நீர்யானைத் தந்தம், உலோகம், மனிதப் பல் இவற்றால் செய்தவை அவை. அவருடைய 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கறுப்பினத்தவரிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. கொடுத்தவர்களின் பெயர் இல்லை. 1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் செத்த சிப்பாய்களின் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி மூட்டை கட்டி விற்றார்கள். பணக்காரர் வாயில் 'வாட்டர்லூ பல்' சிரித்தது.

பிறகு பீங்கான் பல் வந்தது. 1850களில் கெட்டி ரப்பரில் பல் செட்டு செய்யும் வழி வந்தது. விலை இறங்கியது, சாதாரண ஆளும் பல் கட்டலாம் என்றானது. ஆனால் அந்த ரப்பருக்குக் காப்புரிமை வைத்திருந்த கம்பெனி, ஒவ்வொரு பல் டாக்டரிடமும் லைசென்ஸ் கட்டணம் கேட்டது. கட்டாதவர் மேல் வழக்குப் போட்டது. ஊர் ஊராகப் போய் வழக்குப் போட்டவர் அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன். அவரால் துரத்தப்பட்ட பல் மருத்துவர்களில் ஒருவர் சாமுவேல் சால்ஃபன்ட். 1879 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் அறையில் பேக்கனைப் பார்க்கப் போனார் சால்ஃபன்ட். கையில் துப்பாக்கி. பேக்கன் செத்தார், சால்ஃபன்ட் சிறைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் காப்புரிமைக் காலம் தானாகவே முடிந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்னும் இரண்டே வருஷம் பொறுத்திருக்கலாமே மனுஷன்!

நம் பக்கம் வருவோம். மெட்ராஸில் வேலை பார்த்த என் பெரியப்பா பல் கட்டியது ஒரு சீன டாக்டரிடம். இளையவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சென்னை, கல்கத்தா போன்ற நகரங்களில் பல் வைத்தியத்தைப் பரம்பரைத் தொழிலாகச் செய்தன. பட்டம் கிடையாது, அப்பனிடம் மகன் கற்றதுதான். 1948 மார்ச் 29இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் தொழில் செய்தவர்களுக்கென்று பதிவேட்டில் 'பி' என்று தனிப் பகுதி ஒதுக்கினார்கள். (அதே மார்ச் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. நம்ம ஊர் அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தோம்.) பட்டம் தரும் படிப்பை இந்தியாவில் தொடங்கிவைத்தவர் டாக்டர் ஆர். அகமது. 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் 1953இல்தான், அதுவும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது.

பெரியப்பாவின் செட்டு ராத்திரியில் கண்ணாடி டம்ளரில் கிடக்கும். நாங்கள் பிள்ளைகள் பயந்து ஓடுவோம். வருஷம் போகப்போக அது அவர் வாயில் நிற்கவில்லை. பேசும்போது கழன்று விழும். செட்டின் குற்றம் என்று நினைத்தோம். குற்றம் எலும்பில். பல் போனதும், அதைத் தாங்கிய தாடை எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கரைந்துகொண்டே போகும். மேடு பள்ளமாகிவிட்டால் செட்டு எதைப் பிடித்து நிற்கும்?

இந்த இடத்தில்தான் முயல் வருகிறது. 1952 வாக்கில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். அவர் பல் டாக்டரே அல்ல. சோதனை முடிந்தது, குழலைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தைத் தன்னுடையதாகவே பிடித்துக்கொண்டுவிட்டது. அந்நியப் பொருளை உடம்பு ஒதுக்கித் தள்ளும் என்பதுதான் அதுவரை எல்லோரும் படித்த பாடம்.

1965இல் முதல் மனிதர். யோஸ்டா லார்சன், கோத்தன்பர்க். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் கோளாறும் உள்ளவர், பல் இல்லாதவர். கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகள். சில மாதம் ஆறவிட்டு, பிறகு அதன் மேல் பல். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அவை அசையவில்லை. ஆனால் பல் மருத்துவ உலகம் பிரோனெமார்க்கை எளிதில் ஏற்கவில்லை. நம்மவர் இல்லையே என்ற எண்ணமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆசிரியர் ஓய்வறை அரசியலை முப்பது வருஷம் பார்த்தவன் நான். 1981இல் பதினைந்து வருஷ முடிவுகளை வெளியிட்டார்கள். 1982இல் கனடாவின் டொரன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

'நாலு போதும்' என்ற கணக்கு போர்ச்சுகல்காரருடையது. கீழ்த்தாடையின் பின்பகுதிக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, மேல்தாடையின் பின்பகுதிக்கு மேலே காற்றறை இருக்கிறது; எலும்பு கரைந்தவர்களுக்கு அங்கே திருகு போட இடம் இல்லை. லிஸ்பனில் பாவ்லோ மாலோ 1998இல் முன்னால் இரண்டை நேராகவும், பின்னால் இரண்டைச் சாய்வாகவும் இறக்கினார். சாய்த்ததால் நரம்பைத் தொடாமல் நீளமான திருகு போட முடிந்தது, கடைவாய் வரை பல் வரிசையைத் தாங்கவும் முடிந்தது. கீற்றுக் கொட்டகைக்குச் சாய்வு முட்டுக் கொடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இனி, விளம்பரப் பலகையில் எழுதாத விஷயம். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் வெளியூர் கிளினிக் ஒன்றில் இதே சிகிச்சை செய்துகொண்டார். 'ஒரே நாளில் நிலையான பல்' என்றுதான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல், எலும்பு பிடித்த பிறகுதான் உண்மையான பல் என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. இரண்டுமே எலும்பு பிடிப்பதைக் கெடுப்பவை. அதையும் கேட்கவில்லை. எட்டாம் மாதம் ஒரு திருகு ஆடியது, அப்புறம் இன்னொன்று. பணமும் போய், மகளிடம் சொல்லவும் கூசி, இப்போது கஞ்சி குடிக்கிறார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2023 நவம்பரில் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்து மூன்றாவது. ஆண்டுக்கு ஐம்பது மாணவர்கள். நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். டெல்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் ஐஐடியும் சேர்ந்து குறைந்த விலை இம்ப்ளான்டை நம் நாட்டிலேயே உருவாக்கவும் உழைத்திருக்கின்றன. டைட்டானியத்துக்கா நமக்குப் பஞ்சம்? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடப்பதே அதன் தாது.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பீர்கள். புதன்கிழமை புதுக்கோட்டை கல்லூரிக்குப் போகிறேன், இரண்டாவது கருத்துக் கேட்க. மூன்று மாத சர்க்கரை அளவு 7.9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. முதலில் அதை இறக்கு என்பார்கள் என்று நினைக்கிறேன். தாடையை ஸ்கேன் எடுத்து எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். போதுமானது இல்லை என்றால் பெரியப்பாவைப் போல டம்ளர்தான். பேத்தி பயப்படாத மாதிரி மூடி போட்ட டம்ளராக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கால் கிலோ முந்திரி இன்னும் பொடிக்காமல் டப்பாவில் இருக்கிறது.