பசுல்லா சாலையில் எழுந்த குரல்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணைமுறையை ஏற்றது. நிலம் உழவன் பெயரிலேயே இருக்கும். வரப்புகள் நீங்கி உழவு மட்டும் பொதுவாகும் என்றது தீர்மானம். வரப்பு நீங்கியபின் பெயர் எதற்கு என்று கேட்டவர்கள் ஒரு கட்சியாகத் திரண்டது சென்னையில்தான். அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆச்சாரிய என்.ஜி. இரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர், கட்சியின் உயிர்மூச்சு இராஜாஜி. 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்காக 1958ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அவருக்கு அப்போது அகவை எண்பது.

தலைமை ஆளுநராகவும் முதலமைச்சராகவும் இருந்தவருக்கு இனி அடைய வேண்டிய பதவி ஏதுமில்லை. தியாகராய நகர் பசுல்லா சாலை இல்லமும், 'சுவராஜ்யா', 'கல்கி' இதழ்களும், பொதுமேடையுமே அவருடைய கருவிகள். ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் பொறிகளை இறக்குமதி செய்யவும் அரசின் இசைவு வேண்டியிருந்த அமைப்பை அவர் 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்றழைத்தார். இசைவு தருகிற கையே தேர்தல் நிதிக்கும் நீளும் என்பது அவர் வாதம். கட்சிக்குள்ளும் ஒரு புதுமை இருந்தது: 21 அடிப்படைக் கோட்பாடுகளுக்கு அப்பாற்பட்டவற்றில் உறுப்பினர் தம் மனச்சான்றுப்படி நடக்கலாம். 1962இல் மக்களவையில் 18 இடங்களைப் பெற்ற கட்சி, 1967இல் 44 இடங்களுடன் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. அதே தேர்தலில் தமிழகத்தில் தி.மு.க.வுடன் கைகோத்துக் காங்கிரசு ஆட்சி வீழத் துணைநின்றது.

எனினும் தமிழ் கற்றோர் 1938ஐ எளிதில் மறப்பதில்லை. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவரும் இவரே. 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய துணிவு இவருடையது. மறு ஆண்டே, பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று வகுத்ததும் இவர்தான். நெல்லுக்குக் கிட்டிய விடுதலை குடியானவன் பிள்ளைக்குக் கிட்டவில்லை. அரசின் கை எவ்வளவு நீளும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். தாமே நீட்டிய கையல்லவா!

மதுவைப் பொறுத்தவரை அவர் கடைசிவரை மாறவில்லை. தமிழகத்தில் மதுவிலக்கைத் தளர்த்த 1971இல் அரசு முனைந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதில் கோபாலபுரம் சென்று முதலமைச்சர் கலைஞரைச் சந்தித்து, அதைக் கைவிடுமாறு வேண்டினார். அரசு விலகி நிற்க வேண்டுமென்று பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக முழங்கியவர், இந்த ஒன்றில் மட்டும் விலகிவிடாதீர்கள் என்று கேட்டார். கடைகள் திறக்கப்பட்டன. 1972 டிசம்பர் 25இல் அவர் மறைந்தார். 1974இல் கட்சியும் பாரதிய லோக் தளத்தில் கலந்தது.