ராணுவத்தில் சேரும்போது சிறுவயது நோயை மறைக்கலாமா? சட்டமும் தீர்ப்புகளும் சொல்வது என்ன

கொல்கத்தா: ராணுவ அதிகாரிப் பணிக்குத் தேர்வாகும் இளைஞர்களுக்கு மருத்துவ வாரியப் பரிசோதனை நடைபெறும் இடங்களில், கொல்கத்தா அலிப்பூரில் உள்ள கிழக்கு பிராந்திய ராணுவ மருத்துவமனையும் ஒன்று. பரிசோதனைக்கு முன்னர் ஒவ்வொருவரும் தமது உடல்நல வரலாற்றைப் படிவத்தில் தாமே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து உடல் இயலாமை ஓய்வூதிய வழக்கு எழுந்தால், பணியில் சேர்ந்தபோது எழுதப்பட்ட இந்த மருத்துவப் பதிவுகளே முதலில் எடுத்துப் பார்க்கப்படுகின்றன.

ஆஸ்துமா, காசநோய், வலிப்பு அல்லது மயக்கம், காதில் சீழ் வடிதல், மஞ்சள் காமாலை, மனநலப் பாதிப்பு ஆகியவை இருந்தனவா என்று படிவம் கேட்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வியும் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் 'வீசிங்' என்பது ஆஸ்துமாவாகக் கருதப்படுவதில்லை. 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த பெற்றோர் பலருக்கு, அது குழந்தைப் பருவக் காசநோய் என்பதே தெரியாது. காய்ச்சலின்போது வந்த வலிப்பு 'ஜன்னி' என்ற பெயரோடு மறக்கப்பட்டுவிடும். ஆகவே படிவத்தை நிரப்பும் முன் தாயிடம் ஒருமுறை கேட்பதும், பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுப்பதும் நல்லது.

1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 44-ஆவது பிரிவின்படி, படையில் சேர்க்கும் அதிகாரி கேட்கும் படிவக் கேள்விக்கு வேண்டுமென்றே பொய்யான பதில் அளித்தவருக்கு, ராணுவ நீதிமன்றம் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 'வேண்டுமென்றே' என்ற சொல் இங்கு முக்கியமானது. மூன்று வயதில் வந்த நோயை அறியாமலேயே எழுதாது விட்டவரும், அறிந்தே மறைத்தவரும் ஒன்றல்லர்.

ஓய்வூதிய வழக்குகளில் திருப்புமுனையாக அமைந்தது தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு. 1985-இல் சேர்ந்த சிப்பாய் ஒருவர் வலிப்பு நோய் காரணமாக 1994-இல் விடுவிக்கப்பட்டார். நோய் உடலின் இயல்பிலேயே இருந்தது எனக் கூறி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சேரும்போது நோய் குறித்த பதிவு இல்லையெனில் அது பணிக்காலத்தில் ஏற்பட்டதாகவே கருதப்பட வேண்டும். அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. மருத்துவ வாரியம் காரணங்களை எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு 'எழுதாமல் விட்டால் லாபம்' என எண்ணுவது தவறு. சேர்க்கையின்போது கண்டறிந்திருக்க முடியாத நோய் என மருத்துவர்கள் காரணத்துடன் கூறினால், அந்த அனுமானம் நீங்கும். மனச்சிதைவு நோய் தொடர்பான நர்சிங் யாதவ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. 'சிறுவயதிலிருந்தே உண்டு' என்று பின்னாளில் ராணுவ மருத்துவரிடம் சொல்லும் ஒரு வரியும் கோப்பில் ஏறும். மாறாக, முன்பே இருந்த நோய் பணிச்சூழலால் தீவிரமடைந்தது என நிறுவப்பட்டால், அதற்கும் ஓய்வூதியம் கோர விதிகளில் இடமுண்டு. மேற்கண்ட தீர்ப்புகள் பழைய விதிகளின் கீழ் வந்தவை. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன.

அமெரிக்காவில் 2022 முதல், படையில் சேர விண்ணப்பிப்போரின் பழைய மருத்துவப் பதிவுகள் மின்னணு முறையில் திரட்டப்படுகின்றன. 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா இருந்தால் அங்கு தனி விலக்கு பெற வேண்டும். இந்தியாவிலோ விண்ணப்பதாரரின் சொல்லே இன்னும் முதன்மை ஆதாரம்.

அதிகாரிப் பணிக்கான முதல் பரிசோதனையில் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டால், மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை அணுகலாம். அதன் முடிவுக்குப் பின் மறுஆய்வு வாரியம் கோரலாம். ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதன்று. பணியில் சேர்ந்த பின் எழும் ஓய்வூதியத் தகராறுகளை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அதன் அமர்வுகள் கொல்கத்தாவிலும் சென்னையிலும் உள்ளன.

நான்கு ஆண்டுகள் பணியாற்றும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. எனினும் பணியால் ஏற்பட்ட அல்லது தீவிரமடைந்த இயலாமைக்கு, அதன் அளவு 50, 75, 100 சதவீதம் என்பதற்கேற்ப முறையே ரூ.15 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.44 லட்சம் கருணைத்தொகை உண்டு. நோய் எப்போது தொடங்கியது என்ற கேள்வி அங்கும் எழும்.