எரியும் எண்ணெயும் இருக்கும் எண்ணெயும்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுல வரை ஏறும் பாதையை அறிந்தவர்களுக்கு, சக்கரத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவைப் பற்றி அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்பது சிகரங்களால் பெயர் பெற்று, 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் சரிவுகளில், தேயிலைத் தோட்டங்களின் மண்பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. அப்பாதைகளில் ஏறும் ஈரடிப்பு மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டிக்கு எந்த எண்ணெய் ஏற்றது? கேள்வி சிறிதாயினும் அதன் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

1924 ஆம் ஆண்டிலேதான் புகைவண்டி பதுளையை எட்டியது. அதற்கு முன்னர், இருப்புப்பாதையின் முனைவரை சுமை இழுத்தவை மாட்டுவண்டிகளே. வண்டியின் அச்சுக்கு மையிடுவது அந்நாளில் அன்றாடக் கடமை. நம் வீடுகளில் விளக்கெரித்த ஆமணக்கெண்ணெய், இந்தியப் புகைவண்டிகளின் அச்சுகளுக்கும் பயன்பட்டது. இரும்பைப் பற்றிக்கொண்டு விலகாதிருப்பது அதன் சிறப்பு. கடுஞ்சூட்டில் பிசினாக இறுகிவிடுவது அதன் குறை. 1909 இல் இலண்டனில் வேக்ஃபீல்டு நிறுவனத்தார், ஆமணக்கெண்ணெய் கலந்த தம் மோட்டார் எண்ணெய்க்குக் காஸ்ட்ரோல் என்று பெயரிட்டபோது, அதன் ஆங்கிலப் பெயரையே அடியாகக் கொண்டனர்.

இனி ஈரடிப்பு எஞ்சினுக்கு வருவோம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டூகல்டு கிளார்க் 1881 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1891 இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே, பெற்றோல் ஆவியும் காற்றும் சுழல்தண்டு அறையின் வழியாகவே செல்லுமாறு அமைத்து, எஞ்சினை மேலும் எளிதாக்கினார். அவ்வெளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. காற்று புகுந்து செல்லும் அவ்வறையில் எண்ணெயைத் தேக்கி வைத்தல் இயலாது. ஆதலின், எண்ணெயைப் பெற்றோலுடன் சேர்த்தே அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வெண்ணெய் தன் பணியை முடித்து, எரிந்து, புகையாகப் போய்விடுகிறது.

ஆனால் அடுத்த அறையாகிய கியர்ப் பெட்டியின் நிலை வேறு. அங்குள்ள எண்ணெய் எரிவதில்லை. மாற்றப்படும் வரை அங்கேயே இருந்து உழைக்கிறது. 'டூ ஸ்ட்ரோக் எண்ணெய்' என்ற பெயரைக் கண்டு, பெற்றோலில் கலக்கவேண்டியதைக் கியர்ப் பெட்டியில் ஊற்றுவது இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் பிழை. ஜப்பானிய 'ஜாசோ' தரமுறையில் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்னும் குறிகள் எரியும் எண்ணெய்க்கு உரியன. அவற்றுக்குக் கியர்ப் பெட்டியில் வேலையில்லை.

பெரும்பாலான ஈரடிப்பு மோட்டார் சைக்கிள்களில், பற்சக்கரங்களோடு கிளச்சுத் தட்டுகளும் கியர்ப் பெட்டியின் எண்ணெயிலேயே நனைந்து சுழல்கின்றன. பற்சக்கரம் வழுக்கலை விரும்புகிறது. கிளச்சோ பிடிப்பை விரும்புகிறது. இரண்டுக்கும் இசைந்த எண்ணெயே வேண்டப்படுகிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு மோட்டார்க் காருக்கான எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டபோது, காருக்கு நன்மையானது மோட்டார் சைக்கிளின் கிளச்சுக்குத் தீமையாயிற்று. இதனாலேயே 1998 இல் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் எண்ணெய்களுக்குத் தனித் தரம் வகுக்கப்பட்டது. அதில் எம்.ஏ. என்னும் குறி பிடிப்பு மிகுந்ததையும், எம்.பி. என்னும் குறி பிடிப்புக் குறைந்ததையும் உணர்த்தும். நனைந்த கிளச்சுக்கு எம்.ஏ. குறியே ஏற்றது.

மலையேற்றத்துக்குத் தடித்த எண்ணெயே நல்லது என்பாரும் உளர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்களின் பின்னச்சில் புதுவகைச் சாய்பற்சக்கரங்கள் வந்தபோது, அவற்றின் கடும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகம் முதலியன சேர்த்த எண்ணெய்கள் தோன்றின. இன்று ஜீ.எல். 5 எனப்படுவது அவ்வழியில் வந்ததே. அது பின்னச்சுக்கு உரியது. சூட்டில் நெடுநாள் நின்றால், வெண்கலம் போன்ற செம்புக் கலப்பு உலோகங்களை அது அரிக்கவுங்கூடும். எண்களைக் கண்டும் ஏமாறலாகாது. கியர் எண்ணெயின் 90 என்னும் எண்ணும், எஞ்சின் எண்ணெயின் 40, 50 என்னும் எண்களும் ஏறத்தாழ ஒரே பாகுத்தன்மையையே குறிக்கும், அளவுகோல்களே வேறு. மேலும், மலைநாட்டுக் குளிர்காலையில் மிகத் தடித்த எண்ணெய் கிளச்சுத் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும்.

ஆகவே, வண்டியைச் செய்தோர் தந்த கைந்நூல் கூறும் பாகுத்தன்மையைக் கொண்டு, எம்.ஏ. குறியும் உள்ள எண்ணெயைத் தேர்வதே முறை. பல வண்டிகளுக்கு அது 10 டபிள்யூ 30 அல்லது 10 டபிள்யூ 40 ஆக இருக்கும். மழைக்காலத்தில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் கலந்துள்ளது என அறிந்து உடனே மாற்றுதல் வேண்டும். வெளியே கசிவின்றி எண்ணெய் குறைந்து, புகையும் மிகுந்தால், சுழல்தண்டின் ஓரத்து அடைப்பு வளையம் தேய்ந்து, எஞ்சின் அவ்வெண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். அதற்குத் தடித்த எண்ணெய் மருந்தாகாது. வளையத்தையே மாற்றுதல் வேண்டும்.

1968 இல் யமஹா நிறுவனம் டீ.டீ. 1 என்னும் மண்பாதை வண்டியை வெளியிட்ட பின்னர், அவ்வகை ஈரடிப்பு வண்டிகள் உலகெங்கும் பரவின. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்திடலில் ஓடினாலும், தோட்டத்து லயத்திலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு பதுளை மருத்துவமனைக்கு விரைந்தாலும், அத்தகைய வண்டிக்கு விதி ஒன்றே. பந்தயத்தில் கிளச்சு வழுக்கினால் ஒரு பரிசு போகும். இரவில், மழையில், ஏற்றத்தின் நடுவே எஞ்சின் முழங்கியும் சக்கரம் இழுக்காது நின்றால், போவது என்னவென்று மலையில் வாழ்வோர் அறிவர். விலையுயர்ந்த எண்ணெயெல்லாம் நல்லெண்ணெய் ஆகிவிடாது. தான் இருக்கும் இடத்துக்குப் பொருந்தியதே நல்லெண்ணெய்.